களைப்புல்லின் வேரில் கிடைத்த பெயர்

குருநாகலிலிருந்து புத்தளம் போகும் வீதியில் இருக்கிறது நிக்கவரட்டிய. 2000/2001 பெரும்போகத்தில் அங்கே நெல் வயல்களில் ஒரு நோய் பரவியது. இந்த நோய் கண்ட பயிர் வெளிறிக் குட்டையாக நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் வேர்நுனிகள் வீங்கிக் கொக்கியாக வளைந்திருக்கும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு நூற்புழு. மெலோய்டோகைன் கிராமினிகோலா என்று விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டு, 2001இல் எழுதினார்கள்.

பெயர் சொல்ல அவர்களால் முடிந்ததற்குக் காரணம் ஒரு களைப்புல். 1965இல் அமெரிக்காவின் லூசியானாவில் கோல்டன், பர்ச்ஃபீல்டு என்ற இருவர், குதிரைவாலிக்கு உறவான ஒரு காட்டுப்புல்லின் வேர்முடிச்சுகளைப் பிரித்து ஆராய்ந்து, அவற்றிலிருந்த இந்தப் புழுவைப் புதிய இனமென்று விவரித்திருந்தார்கள். நிக்கவரட்டிய நெல்லுக்கு நோய் வருவதற்கு 35 ஆண்டுகள் முன்பே புழுவின் அடையாளம் ஏட்டில் ஏறிவிட்டது.

இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நூற்புழு ஆய்வு பணப்பயிரிலிருந்து தொடங்கியது. சென்னை மாகாண அரசுத் தாவரவியலாளர் சி. ஏ. பார்பர் 1901இல் நீலகிரியின் தேவாலாவில் தேயிலை வேரைத் தாக்கும் புழுவைப் பற்றி எழுதினார். பிற்பாடு கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியால் பெயர் பெற்ற அதே பார்பர்தான். இலங்கையில் 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிய அந்த நிலையத்தைச் சேர்ந்த கேட், லூஸ் இருவரும் தேயிலை வேரைப் புண்ணாக்கும் புழுவின் வாழ்க்கைச் சுற்றை 1941இல் வெளியிட்டார்கள். அன்று அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்தது: அங்குயிலுலினா பிராட்டென்சிஸ்.

அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 1960இல் நெதர்லாந்தின் லூஃப், பிராட்டிலென்கஸ் பேரினத்தின் புழுக்களையெல்லாம் ஒப்பிட்டு அளந்து, இலங்கைத் தேயிலைப் புழு தனி இனம் என்று பிரித்தார். வைத்த பெயர் பிராட்டிலென்கஸ் லூசி. அதில் இருப்பது லூஸின் பெயர். லூஸும் சும்மா இருக்கவில்லை. முதிர்ந்த தேயிலையில் வேர்முடிச்சு உண்டாக்கும் மெலோய்டோகைன் பிரெவிகாடாவை 1953இலேயே அவர் விவரித்திருந்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர்தான் அமெரிக்கர் சிட்வுட் வேர்முடிச்சுப் புழுக்களுக்குரிய மெலோய்டோகைன் பேரினத்தை மீட்டெடுத்து, பெண் புழுவின் பின்முனைத் தோலில் உள்ள வரிகளைக் கொண்டு இனங்களைப் பிரிக்கும் வழியைக் காட்டினார். அதுவரை உலகத்து வேர்முடிச்சுப் புழுக்களெல்லாம் ஒரே பெயருக்குள் அடைபட்டுக் கிடந்தன.

வேலைக்குத் தேவைப்பட்ட கருவியோ மிக எளிது. 1917இல் ஜாவாவில் பேர்மான் என்ற மருத்துவர், மண்ணிலிருந்து கொக்கிப்புழுக் குடம்பிகளைப் பிரிக்க ஒரு புனலும் ரப்பர் குழாயும் போதும் என்று காட்டினார். துணியில் கட்டிய மண்ணையோ நறுக்கிய வேரையோ புனல் நீரில் வைத்தால், புழுக்கள் நெளிந்து வெளியே வந்து அடியில் தங்கும். அதன் பிறகுதான் கடினமான வேலை: அரை மில்லிமீட்டர் உடலில் வாயீட்டியின் நீளம், உதட்டு வளையங்கள், பெண்துளையின் இடம், வாலின் வடிவம் என்று நுண்ணோக்கியில் அளப்பது.

புத்தளம் கரையோரத்திலும் ஆராய்ச்சி பயிரைச் சுற்றியே வளர்ந்தது. 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி அமைப்பு இந்த மாவட்டத்து லுணுவிலவில் இருக்கிறது. கற்பிட்டியின் மணற்பாங்கான நிலத்தில் கிணற்று நீரில் வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன. பருமணலில் துளைகள் பெரியவை. வேர்முடிச்சுப் புழு நகர்வதற்கு அது வசதி. பயிர் அறுவடையானதும் அது பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வேலியோர மணத்தக்காளியும் குப்பைக்கீரையும் அதற்கு இடம் கொடுக்கும்.

கடற்கரை மணலில் நிற்கும் அடம்பன்கொடிக்கும் இராவணன் மீசைக்கும் சந்தை விலை இல்லை. ஐரோப்பாவின் மணல்மேடுகளில் வளரும் மாரம் புல்லுக்கும் இல்லைதான். ஆனாலும் அந்தப் புல்லின் வேரிலிருந்த மெலோய்டோகைன் மரிட்டிமா 1998இல் தனி இனமாக நிலைநாட்டப்பட்டது. மண்ணில் வாழும் நோய்க்காரணிகளே அந்தப் புல்லை நலியச் செய்கின்றன என்று 1993இல் டச்சு ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். புதுமணல் வந்து மூடுகிற இடத்தில் புல் செழித்தது. மணல் வரத்து நின்ற இடத்தில் வேறு செடிகள் இடம் பிடித்தன.

லூஸுக்குக் கிடைக்காத மரபணு வரிசை இன்று துணைக்கு உண்டு. அளவுகள் குழப்பும் இடத்தில் அது இனங்களைப் பிரித்துக் காட்டுகிறது. அதனால் பழைய வேலை குறைந்துவிடவில்லை. புழுவை வரைந்து, அளந்து, நெருங்கிய இனங்களோடு ஒப்பிட்டு, வகைமாதிரியைச் சேகரம் ஒன்றில் வைத்து, எந்தச் செடியின் வேர், எந்த ஊர் மண் என்பதையும் சேர்த்தே புதிய இனத்தை அறிவிக்கிறார்கள்.