‘கிரிம்ப்’ என்னும் சொல்



நம் நெகிரி செம்பிலானும் சேர்ந்திருந்த கூட்டு மலாய் நாடுகளில், தோட்டத் துரைமார்கள் ஒருவர்மீது ஒருவர் ஓயாமல் சொல்லி வந்த குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் ‘கிரிம்பிங்’ என்று பெயர்.

இது இங்கே பிறந்த சொல் அன்று. துணியைக் கொசுவி மடிப்பதற்கும் ஆங்கிலத்தில் ‘கிரிம்ப்’ என்பார்கள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதுவே ஆள்பிடிக்கும் தரகனுக்கும் பெயராக வழங்கியது. துறைமுகத்து வாலிபனுக்குச் சாராயம் ஊற்றி, கடனாளியாக்கி, கப்பலுக்கோ பட்டாளத்துக்கோ தள்ளிவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக் கொள்பவன் அவன். 1794இல் இலண்டனில் அப்படிப்பட்ட வீடு ஒன்றிலிருந்து ஓர் இளைஞன் விழுந்து மாண்டான். மக்கள் கொதித்தெழுந்து அத்தகைய வீடுகளை உடைத்தார்கள்.

அந்தச் சொல் நம் பால்மரக் காட்டுக்கு வந்தபோது பொருள் திரும்பிவிட்டது. ஒரு துரை கங்காணியை ஊருக்கு அனுப்பி, வழிச்செலவு கொடுத்து ஆள் கட்டி வருவார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கங்காணியின் கையில் முன்பணம் திணிப்பார். ஒருநாள் காலைப் பிரட்டில் பாதி ஆட்களைக் காணோம்! இதுதான் ‘கிரிம்பிங்’. கங்காணிக்கோ, தன் பேரிலுள்ள ஆள் வேலைக்கு இறங்கும் நாளுக்கெல்லாம் தலைக்காசு உண்டு. ஆகவே அவருக்கு எந்தத் தோட்டமானால் என்ன?

கிராமத்தில் ஆசை வார்த்தை பேசி ஆள் கட்டியதைத் துரைமார்கள் இப்பெயரால் அழைக்கவில்லை. கட்டிய ஆள் கைநழுவிப் போனால்தான் அது வஞ்சகம்! ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகுவதற்குக் கங்காணி அழைத்து வந்த தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. நல்ல தண்ணீரும் கூடுதல் கூலியும் தேடித் தானாகவே போனவரையும் ‘மயக்கப்பட்டவர்’ கணக்கில்தான் எழுதினார்கள்.

1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தமிழரை வேலைக்கு வைத்த எல்லா முதலாளிகளும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். கப்பல் செலவு அதிலிருந்து போகும். ஆள் கட்டும் செலவைப் பொதுவாக்கினால் திருட்டு குறையும் என்பது கணக்கு. அதில் நம்மவருக்கும் ஒரு நன்மை விளைந்தது: கப்பல் செலவு கடனாகத் தலையில் ஏறாமலே கரையிறங்கினார்கள். தலைக்காசு மட்டும் நின்றபாடில்லை. எனவே இழுபறியும் ஓயவில்லை.

1938இல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. ஊருக்குப் போய் ஆள் கட்டி வரும் கங்காணியின் பயணம் அத்தோடு முடிந்தது.