சீனக்குடாவின் 788-ஆவது அணி

பிரித்தானியக் கடற்படையின் 788-ஆவது விமான அணி 1942 ஜனவரியில் திருகோணமலை சீனக்குடா விமானத்தளத்தில் தொடங்கப்பட்டது. ஜப்பானிடம் சிங்கப்பூர் விழும் தறுவாயில் இருந்த நேரம் அது. இந்து சமுத்திரத்தைக் காக்க நின்ற விமானந்தாங்கிக் கப்பல்களில் விமானியோ விமானமோ குறைந்தால் ஈடுசெய்ய ஒரு சேமப் பிரிவு வேண்டியிருந்தது. கப்பலிலிருந்து அழைப்பு வரும்வரை விமானிகள் இங்கே பறந்து பழகினார்கள்.

அவர்களிடம் இருந்த விமானங்களுள் முதன்மையானது சோர்ட்ஃபிஷ். துணி போர்த்திய இரட்டை இறக்கை, மூவர் அமரும் திறந்த இருக்கை, மணிக்குச் சுமார் 220 கிலோமீற்றர் வேகம். ஏறத்தாழ 730 கிலோ எடையுள்ள டொர்பிடோவை வயிற்றின் கீழ் சுமந்து, அலையை ஒட்டித் தாழப் பறந்து, எதிரிக் கப்பலை நோக்கி விடவேண்டும். குறிபார்க்கும் அந்தச் சில நொடிகளில் விலகவோ வளையவோ வழியில்லை. 1940 நவம்பரில் இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்தில் இவ்வகை விமானங்கள் பெரும் போர்க்கப்பல்களை முடக்கியது உண்மைதான். ஆனால் அன்று இரவின் இருள் அவற்றுக்குக் காவலாக இருந்தது.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானங்கள் கொழும்பைத் தாக்கிய அதே காலையில், 788-ஆவது அணியின் ஆறு சோர்ட்ஃபிஷ்கள் சீனக்குடாவிலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானை விமானத்தளத்தை நெருங்கிக்கொண்டிருந்தன. இரண்டு மடங்குக்கு மேல் வேகமுள்ள ஜீரோ சண்டை விமானங்கள் ஆறையும் வீழ்த்தின. பட்டப்பகலில், துணைக்கு ஒரு சண்டை விமானமும் இல்லாமல் வந்த அவர்களுக்குத் தப்ப வாய்ப்பே இருக்கவில்லை. கொழும்புத் தாக்குதலைப் பேசும் பலரும் இவர்களை ஒரே வரியில் கடந்துபோவது நியாயமல்ல.

ஏப்ரல் 9 அன்று சீனக்குடாவே குண்டுவீச்சுக்கு உள்ளானது. முந்தின இரவு திருகோணமலையை விட்டுப் புறப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் மாண்டனர். அதன் சோர்ட்ஃபிஷ்கள் சீனக்குடாவில் தரையில் நின்றதால் கப்பலில் ஒரு விமானமும் இல்லை.

கடற்படை கிழக்கு ஆபிரிக்காவுக்குப் பின்வாங்கியது. 788-ஆவது அணியும் அங்கே போய், கப்பல் பீரங்கிப் பயிற்சிக்குத் துணைசெய்வது போன்ற வேலைகளில் அமர்ந்தது.

1944இல் நிலைமை மாறியது; கடற்படை திருகோணமலைக்குத் திரும்பியது. சீனக்குடாவின் கடற்படைப் பகுதிக்கு 'பம்பாரா' எனப் பெயரிடப்பட்டது. பயிற்சி அணிகள் கட்டுக்குருந்தையிலும் புத்தளத்திலும் இயங்கின. புத்தளத்தில் விமானங்களை இழுக்க யானைகளும் உதவின. அவ்வாண்டு ஏப்ரல் 19இல் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கிய கப்பற்படை திருகோணமலையிலிருந்தே புறப்பட்டது.

போர்க்காலத்தில் இங்கே மாண்ட கடற்படை விமானிகள் சிலர், திருகோணமலை நகரிலிருந்து சாம்பல்தீவுக்குப் போகும் நிலாவெளி வீதியோரத்தில், உப்புவெளிப் போர் மயானத்தில் அடக்கம்செய்யப்பட்டுள்ளனர். பிரித்தானியர் 1957இல் சீனக்குடாவை இலங்கையிடம் ஒப்படைத்தனர். இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கழகம் இப்போது அங்கேதான் இயங்குகிறது.