ஸ்வேச்சா

ஸ்வேச்சா, ஹைதராபாத்தில் இயங்கும் லாப நோக்கற்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பு. தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் பொறியியல் கல்லூரி மாணவர்களைத் திரட்டி, கணினியில் தெலுங்கு, இணையச் சமநிலை, தனியுரிமை ஆகியவற்றுக்காக வேலை செய்கிறது. ஆந்திரப் பிரதேசக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை என்பது இதன் முதல் பெயர். நீண்ட காலம் இதை வழிநடத்தியவர்களில் முதன்மையானவர் கிரண் சந்திரா.

பெயரில் ஒரு சேதி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்றால் இலவசமா, சுதந்திரமா என்று கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மேன் 1983 முதல் விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோனார். தெலுங்கர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஸ்வேச்சா என்றால் தன் விருப்பப்படி நடக்கும் விடுதலை. காசுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தமிழில் நாம் 'கட்டற்ற' என்று தேர்ந்துகொண்டதும் இதே தெளிவுக்காகத்தான்.

பின்னணி

1998 நவம்பரில் ஹைதராபாத்தின் மாதாப்பூர் பகுதியில் சைபர் டவர்ஸ் என்ற தகவல் தொழில்நுட்பக் கட்டடத்தைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட்டின் வளர்ச்சி மையமும் தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.ஐ.டி.யும் ஹைதராபாத்துக்கு வந்தன. மாதாப்பூரின் பாறைக்காடு சில ஆண்டுகளில் ஹைடெக் சிட்டியானது. அதற்கு ஆள் தயாரித்துக் கொடுத்தது நகரின் இன்னொரு பகுதியான அமீர்பேட்டை. சிறு அறைகளில் ஜாவாவும் ஆரக்கிளும் சொல்லித் தரும் பயிற்சி மையங்கள், நகலெடுத்த குறிப்புகள் விற்கும் கடைகள், ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கும் பட்டதாரிகள். மென்பொருளை உலகுக்கே எழுதிக் கொடுத்த ஊரில், தெலுங்கு மட்டும் படித்த ஒருவர் கணினியைத் திறந்தால் அதில் அவருக்கு ஒரு சொல்கூட இல்லை. ஸ்வேச்சா பிறந்தது இந்த முரணில்.

நாட்டின் மற்ற இடங்களில் களம் ஏற்கெனவே சூடாகியிருந்தது. 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. கேரளப் பள்ளிகள் பின்னர் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறின. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு அதற்கும் முன்பிருந்தே கூடிவந்தது. ஆனால் பயனர் குழு என்பது ஆர்வலர்களின் சந்திப்பு. ஸ்வேச்சா, எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் வழியைப் பிடித்தது: வீதிக்கும் பள்ளிக்கும் போ, ஆட்களைச் சேர், சேர்ந்தவரை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க வை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போனவர்களுக்கு இந்த வாடை உடனே பிடிபடும்.

தெலுங்கு இயங்குதளம்

அமைப்பின் முதல் பெரிய வேலை, லினக்ஸை அடியாகக் கொண்ட தெலுங்கு இயங்குதளம். 2005-இல் வெளிவந்த அதற்கும் ஸ்வேச்சா என்றே பெயர். பட்டியல்களையும் கட்டளைகளையும் தெலுங்காக்குவது சொல்லகராதி வேலை மட்டுமல்ல. தமிழில் புள்ளி வைத்துக் கடந்துவிடும் இடத்தில் தெலுங்கு எழுத்து ஒன்றின் காலடியில் இன்னொன்றை 'ஒத்து'வாகத் தொங்கவிடும். அது சரியான இடத்தில் விழாவிட்டால் சொல்லே மாறிப்போகும். எழுத்துரு, விசைப்பலகை, கலைச்சொல் என ஒவ்வொன்றிலும் யாராவது உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். பார்த்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள்.

பின்னர் சிறுவர்களுக்காக 'பால ஸ்வேச்சா', பொறியியல் மாணவர்களுக்காக 'ஈ-ஸ்வேச்சா' என்று தனித்தனிப் பதிப்புகள் வந்தன. இந்த இயங்குதளங்கள் வீடுகளில் விண்டோஸை விரட்டிவிட்டன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விளைந்தது வேறு. கல்லூரிதோறும் 'க்ளக்' என்று அழைக்கப்படும் லினக்ஸ் பயனர் குழுக்கள் முளைத்தன. 2014 கோடையில் நடந்த 15 நாள் பயிலரங்கில் 2,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் கலந்துகொண்டார்கள். அமைப்பின் உண்மையான சொத்து இந்தக் கூட்டம்தான்.

2010 மார்ச் 20, 21 தேதிகளில் பெங்களூரில் நடந்த தேசிய மாநாட்டின் முடிவில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் இயக்கம் அறிவிக்கப்பட்டது. கர்நாடகம், தமிழ்நாடு உள்ளிட்ட மாநில அமைப்புகளோடு ஸ்வேச்சாவும் அந்தக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அதன் பிறகு இதன் பேச்சில் மென்பொருள் உரிமங்களோடு சட்டமும் கொள்கையும் கூடுதலாக ஒலிக்கத் தொடங்கின.

ஃப்ரீ பேசிக்ஸ்

2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து 'இன்டர்நெட் டாட் ஆர்க்' சேவையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு, தெலங்கானா உட்பட ஆறு மாநிலங்களில் அது முதலில் கிடைத்தது. தேர்ந்தெடுத்த சில தளங்களைக் காசில்லாமல் பார்க்கலாம்; தேர்ந்தெடுப்பது ஃபேஸ்புக். பெயர் பிறகு 'ஃப்ரீ பேசிக்ஸ்' ஆனது. இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த ஓர் அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான எதிரி கிடைத்திருக்க முடியாது. ஃபேஸ்புக்கின் முதல் இந்திய அலுவலகம் 2010-இல் திறக்கப்பட்டதும் ஹைதராபாத்தில்தான்.

நாடு முழுவதும் நடந்த எதிர்ப்பில் ஸ்வேச்சா ஒரு கண்ணி. டெல்லி, பெங்களூர்க்காரர்கள் நடத்திய 'சேவ் தி இன்டர்நெட்' பிரச்சாரத்தால் 2015 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. ஃபேஸ்புக்கும் அதே ஆயுதத்தை எடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் டிராய் வெளியிட்ட கட்டண வேறுபாடு குறித்த கலந்தாய்வுத் தாளுக்கு வந்த சுமார் 24 லட்சம் கருத்துகளில் ஏறத்தாழ 19 லட்சம் ஃப்ரீ பேசிக்ஸுக்கு ஆதரவாக அச்சில் வார்த்தவை. கேட்ட கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை என்று ஆணையம் குறைபட்டுக்கொண்டது.

இணையப் போராட்டம் பற்றிப் பேசுவோர் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய கணக்கு இது. எண்ணிக்கையில் ஃபேஸ்புக்கே முன்னால் நின்றது. இருந்தும் 2016 பிப்ரவரி 8 அன்று டிராய், உள்ளடக்கத்துக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றுவதைத் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம், உச்சவரம்பு 50 லட்சம். மூன்றே நாளில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போனது. மேலே மின்னஞ்சல் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தபோது, கீழே கல்லூரி அரங்குகளில் ஒருவர் எழுந்து 'இலவசமாகக் கொடுப்பதை ஏன் தடுக்கிறீர்கள்?' என்று கேட்க, இன்னொருவர் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்வேச்சா போன்றவை செய்தது அந்த இரண்டாவது வேலையை.

கண்காணிப்பு நகரம்

அடுத்த எதிரி அரசாங்கமே. 2017 மே மாதம் வெளியான ஓர் ஆய்வறிக்கை, நான்கு அரசுத் தளங்கள் வழியாக 13 கோடி ஆதார் எண்கள் வரை வெளியே தெரிந்திருக்கலாம் என்று காட்டியது. அவற்றில் இரண்டு ஆந்திர அரசின் தளங்கள். அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவர், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தோடு தொடர்புடைய ஹைதராபாத் ஆய்வாளர் ஸ்ரீனிவாஸ் கோடாலி.

ஹைதராபாத் நகரத்தில் கண்காணிப்புக் கேமராக்கள் பெருகின. மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி 2021-இல் அளந்து பார்த்தபோது காலா பத்தர் பகுதியின் பரப்பில் 53.7 விழுக்காடும் கிஷன் பாகில் 62.7 விழுக்காடும் கேமராப் பார்வைக்குள் இருந்தன. அந்த ஆண்டு மே மாதம் பழைய நகரத்தில் காவலர்கள் வழிமறித்துத் தன் முகத்தைப் படமெடுத்ததை எதிர்த்துச் சமூகச் செயல்பாட்டாளர் எஸ்.க்யூ. மசூத் தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2022 ஜனவரியில் நீதிமன்றம் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வழக்குக்குத் துணை நின்றது டெல்லியின் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன். அது 'சேவ் தி இன்டர்நெட்' பிரச்சாரத்தின் பிள்ளை. அது நீதிமன்றத்தையும் ஸ்வேச்சா கல்லூரியையும் நம்பி வளர்ந்தன.

கல்லூரியை நம்புவதில் ஒரு பலவீனமும் உண்டு. ஆண்டுதோறும் கால்பங்கு ஆட்கள் பட்டம் பெற்று வெளியேறுவார்கள். அவர்களில் பலர் நேராகப் போய்ச் சேரும் இடம், நேற்றுவரை எதிர்த்துப் பேசிய நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடம். அமைப்பு ஒவ்வொரு கல்வியாண்டிலும் முதல் பாடத்திலிருந்து தொடங்கியாக வேண்டும்.

கதை சொல்லும் கணினி

2024 தொடக்கத்தில் ஸ்வேச்சா, ஓசோன்டெல் நிறுவனத்தோடு சேர்ந்து 'ஏ.ஐ. சந்தமாமா கதலு' என்ற தெலுங்குக் கதை சொல்லும் சிறு செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியை வெளியிட்டது. சந்தமாமா என்ற பெயர் நமக்கு அந்நியமல்ல. 1947 ஜூலையில் சென்னையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய அந்த இதழின் தமிழ் வடிவம்தான் அம்புலிமாமா.

இணையத்தில் தெலுங்கு குறைவு; அதனால் பெருநிறுவனங்களின் மாதிரிகளுக்குத் தெலுங்குக் கதை சரியாக வராது. ஸ்வேச்சாவின் தீர்வு பழையதுதான்: மாணவர்களைக் கூப்பிட்டார்கள். பொறியியல் கல்லூரிகளிலிருந்து சுமார் 8,000 பேர் சேர்ந்து, நாட்டுப்புறக் கதைகளின் 40,000-க்கும் மேற்பட்ட பக்கங்களைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். பழைய அச்சுப் பக்கங்களை இயந்திரம் வாசிக்கையில் தடுமாறும் இடம், இருபது ஆண்டுகளுக்கு முன் எழுத்துரு செய்தவர்களைத் திணறடித்த அதே ஒத்துகள்.