அகரம் அறக்கட்டளை
நடிகர் சூர்யா 2006-இல் தொடங்கிய அகரம், வறிய குடும்பத்துப் பிள்ளைகளின் உயர்கல்விக்குத் துணைநிற்கும் தமிழ்நாட்டு அறக்கட்டளை. 2010 முதல் நடக்கும் அதன் ‘விதை’ திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று நிலைமையறிந்து மாணவர்களைத் தேர்கிறார்கள். இந்தத் தேடலே அதன் பெரும்பயன். எடுத்துக்காட்டாக, கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களுக்கு அருகே, விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமே உண்டு. ஆனால் எதற்கு, எப்போது விண்ணப்பிப்பதென்று சொல்ல வீட்டில் படித்தவர் இல்லையென்றால் அருகிலிருப்பதும் தொலைவுதான்.

வறிய பிள்ளைகளைப் படிக்கவைப்பது அரசின் கடமையல்லவா என்பர். உண்மைதான், புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்கள் அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மாதம் ரூ.1,000 தருகின்றன. ஆனால் அந்தப் பணம் கல்லூரியில் சேர்ந்த பின்னரே வரும். பிளஸ் டூ முடிந்த கோடையிலேயே கூலி வேலைக்குப் போய்விடும் பிள்ளையை அதற்குமுன் யாராவது சந்தித்தாக வேண்டும்.