கார்க் கண்ணாடியின் கதை



மோட்டார்க் காரின் கதவுக் கண்ணாடி, பொத்தானை அழுத்தியும் அசையாமல் நின்றுவிட்டால் நம்மவருள் பெரும்பாலோர் செய்வது யாது? பொத்தானை மேலும் பத்து முறை அழுத்துவர். பின்னர்ப் பட்டறைக்கு ஓட்டிச் செல்வர். அக்கதவுக்குள் ஒரு நூற்றாண்டின் வரலாறு அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. அதனை அறிந்தவர் பழுதின் இருப்பிடத்தையும் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே கண்டுகொள்வர்.

கார் தோன்றுவதற்கு முன்னரே குதிரைக் கோச்சு வண்டிகளில் கண்ணாடிச் சாளரம் இருந்தது. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் முதலில் கட்டியவை குதிரை வண்டிகளே. மோட்டார்த் தொழிலுக்கு அது வந்தது பின்னாளில்தான். பிற நாடுகளிலும் இதுவே நடந்தது. வண்டி கட்டியவர்களே காருக்கும் கூடு கட்டியமையால், வண்டியின் வழக்கங்கள் காரிலும் புகுந்தன. அவற்றுள் ஒன்று தோல்வார். கண்ணாடியின் அடியில் பிணைத்த வாரை இழுத்து, அதிலுள்ள துளை ஒன்றைப் பித்தளைக் குமிழில் மாட்டினால் கண்ணாடி வேண்டிய உயரத்தில் நிற்கும். கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது?

அடுத்து வந்தது சுழற்றும் கைப்பிடி. அதனைச் சுழற்ற, கதவினுள் கத்தரிக்கோல் போலக் குறுக்கிட்ட இரும்புக் கைகள் எழுந்து கண்ணாடியை உயர்த்தின. உத்தரபாராவில் செய்யப்பெற்று 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் காரில் நம் நாட்டார் பல்லாண்டு சுழற்றியது இக்கைப்பிடியைத்தான்.

அமெரிக்காவில் 1941ஆம் ஆண்டு மாதிரிகளாக வந்த பேக்கார்டு, லிங்கன் ஆகிய செல்வர் கார்களில், கையின் வேலையை இயந்திரம் ஏற்றது. தொடக்க கால அமைப்புகள் பலவற்றில் மின்சாரம் ஒரு பம்பை இயக்க, பம்பு திரவத்தைக் குழாய்களில் அழுத்த, அவ்வழுத்தமே கண்ணாடியை நகர்த்தியது. பயன்பட்டதோ பிரேக் எண்ணெய். அது கசிந்தால் வண்ணப்பூச்சும் இருக்கைத் துணியும் பாழாயின. ஆகவே 1950களில் கதவுக்கொரு சிறு மின்மோட்டார் வைக்கும் முறை பரவலாயிற்று. இங்கே ஒன்றை உற்று நோக்குக. மோட்டார் பிடித்துக்கொண்டது கைப்பிடியின் இடத்தை மட்டுமே; இரும்புக் கைகள் அப்படியே நின்றன. பிற்காலத்தில் பல கார்களில் அக்கைகளுக்குப் பதிலாகக் கப்பிமேல் ஓடும் கம்பிவடம் வந்தது. மோட்டாரின் திருகுபுரி பல்சக்கரத்தைச் சுழற்றும்; பல்சக்கரம் திருகுபுரியைச் சுழற்ற இயலாது. நின்றுபோன கண்ணாடியை உள்ளங்கையால் தள்ளிப் பயனில்லாமை இதனாலேயே.

பிரித்துப் பார்த்தே கற்றவர் நம்மிடையே உண்டு. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டியே இயந்திரம் பயின்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே பஸ் ஓட்டத் தொடங்கினார்.

அவர் வழியில் நாமும் கதவை நோக்குவோம். முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் உறுமியும் கண்ணாடி நகரவில்லையெனின், மின்சாரம் குற்றமற்றது. வடம் அறுந்திருக்கும், அல்லது கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடி உடைந்திருக்கும். ஒலியே இல்லையெனின் மின்வழியைத் தேடுக. எல்லாக் கதவுகளும் ஒருங்கே நின்றால் பியூஸைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கம் இயங்கி மற்றவை நின்றால், அவர் கதவிலுள்ள பூட்டுப் பொத்தான் அழுந்தியிருக்கக்கூடும்! ஒரு கதவு மட்டும் நின்றால் பொத்தான், கம்பி, மோட்டார் என்ற வரிசையில் செல்க. கதவின் கீலருகே ரப்பர் உறைக்குள் செல்லும் கம்பி, திறந்து மூடும்போதெல்லாம் வளைந்து வளைந்து உள்ளே முறிவதுண்டு. மோட்டாரின் இரு கம்பிகளுக்கிடையே 12 வோல்ட் சோதனை விளக்கை வைத்துப் பொத்தானை இருபுறமும் இயக்குக. இருமுறையும் விளக்கு எரிந்தும் மோட்டார் அசையாவிடில் குற்றம் மோட்டாருடையது. மின்னணுச் சில்லு பொருந்திய புதுக் கார்களில் இச்சோதனை செல்லாது. அவற்றைத் தொழிலறிந்தவரிடம் விடுவதே முறை. எக்காரிலும் உள்பலகையைக் கழற்றுமுன் பாட்டரியின் எதிர்முனையை விடுவித்து, கண்ணாடி சரியாதவாறு ஒட்டுநாடாவால் கதவுச் சட்டத்தோடு இறுக்கிவிடுங்கள்.

பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த எங்கள் பனித்திட்டு கடலோரச் சிற்றூர். உப்புக் காற்று பொத்தானின் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும்; மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து அதனை நீக்கினாலே பல கண்ணாடிகள் உயிர்பெறும். 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலும் இக்கரையைத் தாக்கின. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பாதி திறந்தபடி நின்றுவிட்ட கண்ணாடி அத்தகைய இரவில் என்ன செய்யும் என்பதை நான் விரிக்க வேண்டுவதில்லை.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. கைப்பிடிக் காலத்தில் கண்ணாடியின் எதிர்ப்பைக் கை உணர்ந்தது, மோட்டார் உணராது. சாளரத்தில் தலையை நீட்டிய குழந்தையின் முழங்கால் பொத்தானில் பட்டு, கண்ணாடி கழுத்தை நெரித்த துயரங்கள் நிகழ்ந்தன. அமெரிக்காவில் 1971இல் நடைமுறைக்கு வந்த விதி, சாவி போடாத காரில் கண்ணாடி தானே மேலேறக் கூடாதென்றது. 2005ஆம் ஆண்டுச் சட்டம், பொத்தானை மேல்நோக்கி இழுத்தால்தான் கண்ணாடி உயர வேண்டுமென்றது. பழைய பொத்தானை மாற்றுவோர் இவ்வகையையே கேட்டு வாங்குக. தடை கண்டால் தானே இறங்கும் கண்ணாடியாயின், பழுது நீக்கியபின் அத்திறன் நிலைத்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்குக் கையை நீட்டாதீர்கள். சுருட்டிய செய்தித்தாள் போதும்.