ஆர்க் குழந்தை கெட்டவனா?

ஒன்பது கட்டம் போட்ட அந்தப் படத்தை நீங்களும் எங்கயாவது பார்த்திருப்பீங்க. மேல் வரிசையில் நல்லவங்க, கீழ் வரிசையில் கெட்டவங்க, நடுவுல ரெண்டுங்கெட்டான்கள். இடது பக்கம் விதிமுறைப்படி நடக்கிறவங்க, வலது பக்கம் மனம் போன போக்குல போறவங்க. சினிமா ஹீரோவில் ஆரம்பிச்சு டீக்கடை பஜ்ஜி வரைக்கும் எல்லாத்தையும் இந்தக் கட்டத்துல போட்டு அடைச்சுட்டாங்க நம்ம மக்கள். இதுக்குப் பின்னாடி ஐம்பது வருஷக் கதை ஒண்ணு இருக்கு. படிக்கும்போது சுவாரசியமா இருந்துச்சு, ஒரு இடத்துல வயித்தைக் கலக்கவும் செஞ்சுது. அதான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற ஊரிலிருந்து வந்த விளையாட்டு. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். நாலைந்து பேர் மேஜையைச் சுத்தி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமா மாறி, பகடை உருட்டி ஒரு கதையை நடத்துவாங்க. கதையை நகர்த்த ஒரு நடுவர் உண்டு. ஆட்டம் தொடங்கும் முன்னாடி உங்க ஆளோட பலம், புத்தி எல்லாத்தையும் எண்ணா குறிச்சுக்கணும். கூடவே 'அலைன்மெண்ட்'டும் எழுதணும்.

முதலில் கட்சி

இந்த வார்த்தைக்கு முதலில் இருந்த அர்த்தமே வேற. 1971-ல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதின 'செயின்மெயில்' ஒரு பொம்மைச் சிப்பாய் யுத்த விளையாட்டு. அதோட பின்பகுதியில் மந்திரவாதி, டிராகன் எல்லாம் வரும். எந்தப் படையில் யாரைச் சேர்க்கலாம்னு தெரியணுமே? அதுக்காக ஒரு பட்டியல்: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். அவ்வளவுதான். கால்பந்து ஜெர்ஸி நிறம் மாதிரி.

இந்த ஒழுங்கு-குழப்பச் சண்டை கதைப் புத்தகங்களிலிருந்து வந்தது. போல் ஆண்டர்சனின் 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' நாவலில் ஹீரோ நம்மாளு, அதாவது எஞ்சினீயர் :-) இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்துச் சண்டை போடுற டென்மார்க்காரன், திடீர்னு வேறொரு உலகத்தில் போய் விழுவான். அங்கே ஒழுங்கும் குழப்பமும் மோதிக்கிட்டிருக்கும். மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளிலும் இதே மோதல்தான். ரெண்டுலயும் கேள்வி ஒண்ணே ஒண்ணு: நீ எந்தப் பக்கம்?

1974 பெட்டியிலும் மூணே பட்டியல்தான். அதுல ஒரு விஷயம் என்னை நிறுத்திச்சு. மனுஷங்க பேர் மூணு பட்டியலிலும் இருக்கு. சரி, மனுஷன் எப்படி வேணும்னாலும் இருப்பான். ஆனா பச்சை ரத்தக் காட்டுமிராண்டியா நமக்குப் பழக்கமான ஆர்க் பேரும் ரெண்டு பட்டியலில் இருக்கு, நடுநிலையிலும் குழப்பத்திலும். அதாவது சண்டையில் சேராம ஒதுங்கி நிக்கிற ஆர்க்கும் அந்த உலகத்தில் உண்டு.

பிறகு குணம்

1976 பிப்ரவரியில், கம்பெனியின் செய்தி ஏடான 'தி ஸ்ட்ராடெஜிக் ரிவ்யூ'வில் கைகாக்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒழுங்கா இருந்தா நல்லவன்னு ஆட்டக்காரங்க நினைச்சுக்கிறாங்க, அது தப்பு என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். சட்டப்படியே கொடுமை செய்ற ராஜாவும் உண்டு, சட்டத்தை மீறி சோறு போடுற திருடனும் உண்டு. அதனால ரெண்டு அச்சு வரைஞ்சார். ஒண்ணு ஒழுங்கு-குழப்பம், இன்னொண்ணு நன்மை-தீமை. நம்ம பாஷையில், ஒரே எனமா இருந்ததை ரெண்டு வேரியபிளா பிரிச்சார். 1978-ல் 'ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்' வந்தபோது ஒன்பது கட்டமும் உறுதியாச்சு.

இங்கதான் மேட்டர். பேர் அதே அலைன்மெண்ட். வேலை மட்டும் மாறிப்போச்சு. கட்சியைக் குறிச்ச வார்த்தை இப்ப உள்ளுக்குள்ள இருக்கிற குணத்தை அளக்குது. பழைய வேலையையும் விடலை.

விளைவுகளைப் பாருங்க. ஒவ்வொரு அலைன்மெண்டுக்கும் ஒரு தனி ரகசிய மொழி இருந்துச்சு. கட்சிக்கு சங்கேத பாஷை இருந்தா புரியுது, நல்ல குணத்துக்கு எதுக்குய்யா தனி பாஷை? நடந்துக்கிற விதத்தால அலைன்மெண்ட் மாறினா, சம்பாதிச்ச லெவலில் ஒண்ணு காலி. பாலடின் என்கிற புனித வீரன் தெரிஞ்சே ஒரு தீய செயல் செஞ்சா, அந்தப் பட்டம் நிரந்தரமா போச்சு. எது தீய செயல்னு தீர்ப்பு சொல்ற வேலை, மேஜையில் உட்கார்ந்திருக்கிற நடுவர் தலையில். சண்டை வராம என்ன செய்யும்? 1989 பதிப்பு இன்னும் ஒரு படி மேல. நடுநிலையான ட்ரூயிட் ஊர்க்காரங்களோட சேர்ந்து எதிரியை அடிப்பாராம். எதிரி அழியப் போற நேரத்தில் விலகிக்குவாராம், இல்லேன்னா அந்தப் பக்கமே போயிடுவாராம். நடுநிலைக்கு இப்படி ஒரு விளக்கம்!

குகைக்குள்ளே குழந்தைகள்

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போகலாம். அடுத்ததைப் போக முடியாது.

1977-ல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' ஒவ்வொரு இனத்துக்கும் பக்கத்தில் அலைன்மெண்டை அச்சடிச்சுது. ஆர்க்: லாஃபுல் ஈவில். நடுநிலைப் பட்டியலில் இருந்த ஆர்க் காணாமப் போயாச்சு. அடுத்து கைகாக்ஸ் எழுதிய, பல பேருக்கு முதல் ஆட்டமா அமைஞ்ச 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்'. அதுல குகைகளில் வாழுற கூட்டங்களைத் தாக்கணும். அறை அறையா எத்தனை பேர்னு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கில் சண்டை போடாத குட்டிகளும் உண்டு.

பாலடின் அந்த அறைக்குள்ள நுழையுறான். என்ன செய்வான்? புத்தகம் அவங்க இனமே தீயதுன்னு சொல்லுது. புத்தகம் அவனை நல்லவன்னும் சொல்லுது. பல வருஷமா மேஜைகளை உடைச்ச கேள்வி இது.

2005-ல் இந்த மாதிரி கேள்விகளுக்கு கைகாக்ஸே பதில் சொன்னார். சரணடைஞ்சவங்களை பாலடின் கொல்றதில் தப்பில்லைன்னார். அதுக்கு அவர் எடுத்துப்போட்டது கர்னல் சிவிங்டன் சொன்னதா சொல்லப்படும் ஒரு வாசகம். ஈரை விட்டுவெச்சா நாளைக்குப் பேனாகும் என்பது அதன் சாரம். யார் அந்த சிவிங்டன்? 1864 நவம்பர் 29, கொலராடோவின் சாண்ட் க்ரீக். சமாதானத்தை நம்பி, அமெரிக்கக் கொடியையும் ஏத்திவெச்சு முகாமிட்டிருந்த செயென், அராபஹோ மக்களைத் தாக்கின படையோட தளபதி. செத்தவங்க நூற்றைம்பதுக்கும் மேல. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவங்க.

கற்பனை ஆர்க் பத்தின கேள்விக்கு நிஜப் படுகொலையிலிருந்து பதில் வருது. கட்சியும் குணமும் ஒரே வார்த்தையானா இங்கதான் போய் முட்டும். எதிர்ப்பக்கத்தில் பிறந்தான், அதனால கெட்டவன், அதனால கொல்லலாம். ஒழுங்கு வேற, நன்மை வேறன்னு 1976-ல் அழகா பிரிச்ச அதே மனுஷன்!

திரும்பி வந்த ஆர்க்

அப்புறம் நடந்தது கொஞ்சம் கொஞ்சமான பின்வாங்கல். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு ஆர்க்கை கேயாட்டிக் ஈவிலா மாத்துச்சு. (ஆர்க் ஒண்ணும் செய்யலை, பதிப்பு மாறிச்சு, குணமும் மாறிச்சு!) ஆனா 'வழக்கமாக' என்ற ஒரு சொல்லைக் கூடச் சேர்த்துச்சு. 2008-ல் ஒன்பது ஐந்தாச்சு, 2014-ல் மறுபடி ஒன்பது. 2021 திருத்தத்தில், ஆட்டக்காரர்கள் எடுத்து ஆடுற இனங்களுக்கான அலைன்மெண்ட் பரிந்துரைகளை நீக்கினாங்க. 2024 புத்தகத்தில் ஆர்க், மனுஷன் மாதிரியே நீங்க எடுத்து ஆடுற பாத்திரம், அலைன்மெண்ட் உங்க இஷ்டம். போட்டியாளரான பாத்ஃபைண்டர் 2023-ல் அலைன்மெண்டையே தூக்கிடுச்சு.

எனக்குப் பிடிச்ச விளக்கம் 1999-ல் வந்த கம்ப்யூட்டர் கேம் 'பிளேன்ஸ்கேப்: டார்மெண்ட்'. அதுல அலைன்மெண்டை நீங்க தேர்ந்தெடுக்கவே முடியாது. ஹீரோ நடுநிலையில் ஆரம்பிப்பான். நீங்க சொல்ற பொய், காப்பாத்துற வாக்கு எல்லாத்தையும் புரோகிராம் சத்தமில்லாம எண்ணிக்கிட்டே வரும், கட்டம் தானா நகரும். அங்கே அலைன்மெண்ட் ஒரு இன்புட் கிடையாது, அவுட்புட்.

நீங்க என்னைக்காவது ஆட உட்கார்ந்தா, ரெண்டு கேள்வியைத் தனித்தனியா கேட்டுப் பாருங்க. என் ஆள் யார் பக்கம்? என் ஆள் எப்படிப்பட்டவன்? நமக்கு இது புதுசும் இல்லை. கர்ணன் கௌரவர் பக்கம், ஆனா வள்ளல். விபீஷணன் நல்லவன், ஆனா அண்ணனை விட்டு வந்தவன். செஞ்சோற்றுக் கடனை ஒன்பது கட்டத்தில் எங்க போடுவீங்க? தோணினதைப் பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே. கும்முறவங்களும் வரலாம் :-)