தூண் பக்கம் நான், சுவர்ப் பக்கம் நீ

என் பாட்டி கற்றுக்கொடுத்த சாலைப் பாடம் ஒரே வரிதான்: "தூண் பக்கம் நான், சுவர்ப் பக்கம் நீ."

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கடைகளுக்கு முன்னால் நீளும் அஞ்சடி வழியாகத்தான் பள்ளிக்கு நடப்போம். தூணுக்கு அப்பால் கால்வாய். அதைத் தாண்டினால் பஸ்ஸும் லாரியும். என் மணிக்கட்டு பாட்டியின் கைக்குள் இருக்கும். ஒரு கடையின் தளம் முடிந்து அடுத்த கடையின் தளம் ஒரு படி ஏறும் இடத்தில் பிடி இறுகும். "படி வருது தம்பி" என்பார். தெருவைக் கடக்க வேண்டிய இடம் தவிர, வேறெங்கும் என் கால் தார்ச் சாலையில் பட்டதில்லை.

நாம் அஞ்சடி என்பதை மலாய்க்காரர்கள் காக்கி லீமா என்பார்கள். ஐந்து அடி அகலம் என்ற அளவே இரண்டு மொழியிலும் பெயராகிவிட்டது. 1822-இல் சிங்கப்பூர் நகரத்துக்குத் திட்டம் வகுத்த ராஃபிள்ஸ், தெருவின் இரு பக்கமும் வீடுகளின் முன்னால் கூரையோடு தொடர்ச்சியான நடைவழி இருக்க வேண்டும், அது எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தார்.

கோலாலம்பூரில் 1881-ஆம் ஆண்டு தீயோடு தொடங்கி வெள்ளத்தோடு முடிந்தது. பலகையும் அத்தாப்புமாக இருந்த ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்டச் செய்தார் சிலாங்கூர் ரெசிடெண்ட் ஸ்வெட்டன்ஹாம். அதற்குச் செங்கல் சுட்ட சூளைகள்தாம் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பெயர் தந்தன. புதிய கடைவீடுகளோடு அஞ்சடியும் வந்தது. அன்று தெருவில் ஓடியவை மாட்டுவண்டியும் ரிக்‌ஷாவும்தான். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கப் போட்ட கூரை, மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில் பிள்ளைகளுக்கு அரணாக நின்றது.

அஞ்சடி யாருக்குச் சொந்தம் என்ற சண்டையும் பழையதே. 1888-இல் சிங்கப்பூர் நகராட்சி அஞ்சடிகளில் அடைத்திருந்த சரக்கை அகற்றப் போனபோது கடைகள் மூடப்பட்டன, கலவரமே மூண்டது. நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அஞ்சடியை அடைப்பதைக் குற்றம் என்கிறது.

இன்று அதே வழியில் பேத்தியை அழைத்துப் போகிறேன். ஓரிடத்தில் அட்டைப்பெட்டிகள், ஓரிடத்தில் மோட்டார் சைக்கிள், இன்னோரிடத்தில் மேசை நாற்காலி. மூன்று முறை சாலையில் இறங்கி ஏறுகிறோம். நின்றிருக்கும் காரின் பானெட் அவள் நெற்றிக்குச் சரியாக இருக்கிறது. வண்டியைப் பின்னால் எடுப்பவர் கண்ணுக்கு அவள் தெரியவே மாட்டாள். 1951-இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கம் வேரூன்றிய வட்டாரம் இது. வெள்ளைக் கோலால் தட்டித் தட்டி வந்த ஒருவரும் அதே பெட்டிகளில் முட்டி, எங்களோடு சாலையில் இறங்கினார்.

பிள்ளையிடம் "பார்த்துப் போ" என்கிறோம். என் பாட்டி அப்படிச் சொல்லி விட்டுவிடவில்லை. பார்க்கும் வேலையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அந்தத் தெருவும் அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. கடைக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான்: பள்ளி தொடங்கும்போதும் விடும்போதுமாவது, தூணுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பேர் கைகோத்து நடக்க இடம் விடுங்கள்.